போர்டுல அறுபது வேணாம்

இருங்க இருங்க, மிஷினை ஓட்டிடாதீங்க. மணிவிழா போர்டு ஒண்ணு குடுத்திருந்தேன், தணிகாசலம், வேதவல்லின்னு பேர் போட்டு. அச்சுக்குப் போயிடுச்சா? போகலையா? அப்பாடா. அதுல ஒரு சின்னத் திருத்தம். ஒரே ஒரு நம்பரை எடுக்கணும். அறுபதை.

அதுக்கு முன்னாடி, உங்க வயசு என்ன? தப்பா எடுத்துக்காதீங்க, இப்பல்லாம் வயசைக் கேட்டுட்டுத்தான் நான் பேச்சையே ஆரம்பிக்கறது. முப்பத்தெட்டா? நிஜ முப்பத்தெட்டா, வெளிய சொல்ற முப்பத்தெட்டா? சரி, ரெண்டுல எதுவா இருந்தாலும் தம்பிதான். உக்காருங்க தம்பி.

மணிவிழா போர்டுல அறுபது இல்லாம எப்படின்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா வர்ற புதன்கிழமை விசேஷத்துக்கு வியட்நாம்லேர்ந்து எங்க அண்ணன் வர்றாரு. அவருக்கு அம்பத்தாறு வயசு. எனக்கு அறுபது. அவர் அண்ணன், நான் தம்பி. இப்பப் புரியுதா? புரியாது. எனக்கே அங்க போய் ரெண்டாவது நாள்தான் புரிஞ்சுது.

என்ன, ஏதோ சொல்ல வர்றீங்க? அம்மாவா? எந்த அம்மா? அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க, நான் முடிச்சிடறேன். நடுவுல விட்டா எனக்கு வரிசை மறந்துடும்.

எனக்குக் காடாம்புலியூர்ல முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனி. ஒம்பது வருஷம் முன்னாடி வியட்நாம்லேர்ந்து ஒரு மிஷின் இறக்கினேன். வந்த அன்னிக்கே மக்கர். நூறு கொட்டை போட்டா எண்பது பருப்பு ரெண்டா உடைஞ்சு விழுது. முழுப் பருப்பு வரலேன்னா எங்க தொழில்ல என்ன இருக்கு? மிஷின் பண்ண ஆளைப் போன்ல புடிச்சேன். க்வாங்குன்னு பேரு. அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கும் அந்த அளவுக்கு வராது. நாம தமிழ்ல அடிச்சா அவங்க பாஷையில மாத்திக் குடுக்குமே போன்ல, அதை வச்சுத்தான் பேச்சு. பிளேடு தேயுது, பெல்ட் நழுவுதுன்னு நான் பத்து வரி அடிச்சு அனுப்பறேன். அங்கேர்ந்து முதல் பதில் என்ன வருது தெரியுமா? உங்களுக்கு என்ன வயசு?

மிஷினுக்கும் என் வயசுக்கும் என்னய்யா சம்பந்தம்? சம்பந்தம் பேச வர்றவன்கூட முதல்ல உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் வயசைக் கேப்பான். எனக்கு அப்ப அம்பத்தொண்ணு. நாப்பத்துநாலுன்னு அடிச்சேன். ஏன்னு கேக்காதீங்க. ஊர்ல யாருதான் குறைக்கல? பாக்கறதுக்கும் நான் அப்படித்தான் இருப்பேன். இந்த முடியைப் பாருங்க. டை எல்லாம் இல்ல. குளிர்ச்சிக்குன்னு ஒரு கருப்பு மருந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிரஷ்ல தடவுவேன். அதுக்குப் பேரு டை இல்ல.

அதுலேர்ந்து அந்த மனுஷன் என்னைத் தம்பி தம்பின்னுதான் எழுதினார். அவருக்கு அப்ப நாப்பத்தேழாம். நான் கண்டுக்கல. நம்ம ஊர்ல இந்த மாதிரி போர்டுல இருபது வயசுப் பையனைக்கூட அண்ணன்னு போடறோம், வெறும் பேச்சுதானேன்னு இருந்துட்டேன். மிஷினும் சரியாயிடுச்சு. அப்புறமும் தினம் காலையில ஒரு மெசேஜ். தம்பி சாப்பிட்டியா, தம்பி அங்க மழையா. எட்டு வருஷம். எனக்குக் கூடப் பொறந்ததுங்க நாலு. ஒண்ணாவது மழை பெய்யுதான்னு கேட்டிருக்குமா?

போன வருஷம் குடும்பத்தோட வான்னு கூப்பிட்டார். அவங்க அப்பாவுக்குத் திதி, அண்ணன்மாருங்கல்லாம் வருவாங்க, நீயும் வரணும்னு. சரின்னு நான், வீட்டுக்காரி வேதா, பொண்ணு மதுமிதா மூணு பேரும் கெளம்பினோம். வேதாவைப் பத்திச் சொல்லணும்னா, வெள்ளந்தி தம்பி. உலகம் தெரியாது. பாஸ்போர்ட்டை எப்படிப் புடிக்கணும், ஏர்போர்ட்ல எப்படி நடக்கணும், எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்ல மறந்துட்டேன். வயசு கேட்டா வாயைத் திறக்காதேன்னு.

சைகோன்ல இறங்கினோம். வெளிய வந்தா நம்ம சித்திரை வெயில்தான். க்வாங்கும் அவர் சம்சாரம் லானும் என் போட்டோவை அட்டையில ஒட்டித் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. ஓடி வந்து கட்டிப் புடிச்சார். எட்டு வருஷமா போன்ல பாத்த மூஞ்சி, நேர்ல பாத்தா கொஞ்சம் குள்ளம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் துடைச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள அங்க லான் வேதா கையைப் புடிச்சிக்கிட்டு போனை நீட்டுது. உங்களுக்கு என்ன வயசு?

வேதா போனை வாங்கி, எட்டப் பிடிச்சுப் பாத்து, கண்ணாடியைப் போட்டு, இன்னொரு தரம் பாத்து, அம்பத்தாறுன்னு சொல்லிடுச்சு. சந்தோசமா வேற சொல்லுது, பரிசு வாங்கின மாதிரி.

கணக்கைப் பாருங்க. என் கணக்குப்படி எனக்கு அம்பத்திரண்டு. க்வாங்குக்கு அம்பத்தஞ்சு. என் பொண்டாட்டிக்கு அம்பத்தாறு. ஆக அங்க நின்ன பெரியவங்கள்ல வேதா எல்லாருக்கும் அக்கா. எனக்கும் அக்கா. க்வாங் வேதா முன்னாடி குனிஞ்சு வணக்கம் வச்சார். அப்புறம் என்கிட்டத் திரும்பி வேதா பெட்டியைக் காட்டினார், எடுத்துக்கோ தம்பின்னு. அவருக்கு வேலை குடுக்கக்கூடாதேன்னு நானே என் பெட்டி, வேதா பெட்டி, மது பெட்டி, ஊறுகாய்ப் பை எல்லாத்தையும் தள்ளிக்கிட்டுப் போனேன். வேதா கையில ஒரு பூங்கொத்தை மட்டும் வச்சிக்கிட்டு முன்னாடி நடந்தா.

மூணு மணி நேரம் வண்டியில. அவங்க ஊர் முந்திரி விளையற பக்கம். செம்மண்ணு, முந்திரிமரம், நடுவுல பலா. நம்ம ஊருக்குத் திரும்பி வந்துட்டமான்னு ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகமே வந்துடுச்சு. வழியில ஒரு காபிக் கடை. நாற்காலியே இல்ல, வரிசையா ஊஞ்சல் துணி கட்டி விட்டிருக்காங்க, படுத்துக்கிட்டே காபி குடிக்கணும். அங்க நாலு ஊஞ்சல் காலி, ஆள் அஞ்சு பேர். யாரு நின்னது? கடைசித் தம்பி.

ராத்திரி சாப்பாட்டுலதான் விஷயம் முத்திச்சு. அவங்க பூர்வீகம் வடக்குப் பக்கமாம், இந்த முறையெல்லாம் ரொம்பக் கண்டிப்பாம். கீழ பாய் விரிச்சு உக்காரணும். பெரியவங்க அந்தக் கோடி, சோத்துப் பானை இந்தக் கோடி. பானை பக்கத்துல உக்கார்றவங்கதான் எல்லாருக்கும் கிண்ணத்துல சோறு போடணும். யாரு? சொல்லவே வேணாம். மது என்னைவிடச் சின்னவதான், ஆனா அவ ரெண்டு பக்கமும் போனை வச்சு மொழி மாத்திக் குடுக்கணுமே, அதனால அவளுக்கு விலக்கு.

சரி போட்டேன். போட்டுட்டுச் சாப்பிடலாம்னு கையை வச்சா, க்வாங் முழங்கையால இடிக்கறார். சின்னவங்க பெரியவங்க ஒவ்வொருத்தரையும் சாப்பிடுங்கன்னு அழைக்கணுமாம், மூத்தவங்கள்லேர்ந்து வரிசையா. அழைச்சப்புறம்தான் வாயில வைக்கணும். ஆக முதல் அழைப்பு யாருக்கு? அந்தக் கோடியில சம்மணம் போட்டு உக்காந்திருக்கற வேதாவுக்கு.

ரெண்டு கையையும் கூப்பி, வேதா, சாப்பிடும்மான்னேன்.

அவ உடனே சாப்பிடல தம்பி. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மதுகிட்ட மெதுவாச் சொல்றா, முப்பத்தொரு வருஷத்துல உங்கப்பா என்னைச் சாப்பிடுன்னு சொன்னது இதான் முதல் தடவைன்னு. அபாண்டம். சொல்லியிருப்பேன். அவ சாப்பிடற நேரத்துக்கு நான் தூங்கியிருப்பேன், தூக்கத்துல எப்படிச் சொல்றது?

அதுக்கப்புறம் க்வாங்கை, அப்புறம் லானை அழைக்கணும். லானுக்கு அம்பத்தொண்ணுதான், ஆனா அண்ணன் சம்சாரம்ங்கறதால அண்ணி. அழைச்சேன். கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் வைக்கறேன், அந்தக் கோடியிலேர்ந்து சத்தம் வருது. தம்பி, இன்னும் ஒரு கை சோறு போடு.

வேதா. கிண்ணத்தை நீட்டிக்கிட்டு. மது சிரிச்சதுல போன் மீன் குழம்புல விழுந்துடுச்சு. நான் தனியாக் கூப்பிட்டு, என்னடி பேசறேன்னு கேட்டேன். ஊர் முறையைத்தானே பேசணும், நீங்கதானே ஏர்போர்ட்டுல எல்லாம் சொல்லிக் குடுத்தீங்கன்னா. அதான் சொன்னேனே, வெள்ளந்தி.

நீங்க ஏன் தம்பி அந்தக் கம்ப்யூட்டரையே காட்டறீங்க? பாக்கறேன், பாக்கறேன். இன்னும் கொஞ்சந்தான்.

மறுநாள் இன்னொரு கூத்து. காலையில எழுந்து வெளிய வந்தா பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எட்டுப் பத்துப் பேர் வாசல்ல நின்னு என்னையே பாக்குதுங்க. ஒருத்தி கண்ணைத் துடைக்கறா. என்னன்னு கேட்டா, கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம்னு வேதா லான்கிட்டச் சொல்லியிருக்கு. அதுங்க கணக்குப் போட்டிருக்குதுங்க. அப்ப பையனுக்கு இருபத்தொண்ணு, பொண்ணுக்கு இருபத்தஞ்சு. நாலு வயசு மூத்த பொண்ணை எப்படிக் கட்டினார்னு கேட்டிருக்குதுங்க. வேதா சொல்லியிருக்கா, எங்க வீட்டு வாசல்ல மூணு நாள் மழையில நின்னாரு, பச்சத்தண்ணி பல்லுல படலன்னு.

நானு. பொண்ணு பாக்கப் போன இடத்துல பஜ்ஜியில உப்பு இல்லேன்னு சொல்லிட்டு வந்தவன் நானு. அந்த வருஷம் மழையே கிடையாது. ஆனா என்ன பண்றது, அந்தப் பொம்பளைங்க வரிசையா வந்து என் கையைப் புடிச்சுக் குலுக்குதுங்க. ஒரு அம்மா தன் வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து என்னைக் காட்டிட்டுப் போச்சு, பாத்துக் கத்துக்கோன்னு. நானும் கொஞ்சம் மழையில நின்ன மாதிரியே மூஞ்சியை வச்சிக்கிட்டேன்.

இன்னொண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். போன முதல் நாளே க்வாங் எங்க பாஸ்போர்ட்டைக் கேட்டார். வெளிநாட்டுக்காரங்க வீட்ல தங்கினா போலீஸ்ல பதியணுமாம். அதுல பொறந்த தேதி இருக்கே. பெட்டி சாவி தொலைஞ்சிடுச்சுன்னேன். சாவி உங்க சட்டைப் பையில இருக்கேன்னுட்டா வேதா. குடுத்துத்தான் ஆகணும். வாங்கிட்டுப் போனார், வந்தார், திருப்பிக் குடுத்தார். முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. பாவம், மனுஷனுக்கு நம்பர் படிக்க வராது போலன்னு நெனச்சேன். எட்டு வருஷமா எனக்கு மிஷின் அளவெல்லாம் மில்லிமீட்டர்ல எழுதி அனுப்பினவர்.

இருந்தாலும் ஒரு பதில் தயார் பண்ணி வச்சேன். எங்க ஊர்ல சர்ட்டிபிகேட் வயசு வேற, நிஜ வயசு வேற, பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுடுவார், எனக்கு ஏழு வருஷம் கூடப் போட்டுட்டாருன்னு. மதுகிட்டச் சொல்லி ஒத்திகை பாத்தேன். அவ விரல் விட்டு எண்றா. அப்பா, சர்ட்டிபிகேட் கணக்குல அஞ்சு வயசுல சேந்தீங்க. அதுல ஏழைக் கழிச்சா, நீங்க பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஒண்ணாங் கிளாஸ் வந்துட்டீங்கங்கறா. படிக்க வச்சது தப்பு.

ரெண்டாம் நாள் சாயங்காலம் க்வாங் என்னை பைக்ல அவர் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனார். கெளம்பறப்ப என் தலையில ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழ பட்டையை அவரே பூட்டி, ரெண்டு விரலை உள்ள விட்டு இறுக்கமா இருக்கான்னு பாத்தார். அவ்வளவுதான் தம்பி. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஹெல்மெட் பட்டைக்கு எவனாவது அழுவானா? நான் அழுதேன். எங்கப்பா போறப்ப எனக்குப் பதினேழு. அன்னிலேர்ந்து இந்தப் பண்ருட்டியில நான் எல்லாருக்கும் அண்ணன். தங்கச்சி கல்யாணமா, அண்ணன். தம்பிக்குச் சீட்டு வேணுமா, அண்ணன். பங்காளிச் சண்டையா, அண்ணன். என் தலையில பட்டையைப் பூட்ட எனக்கு யாரு இருந்தா? வெயில் கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அவரு தன் கருப்புக் கண்ணாடியைக் கழட்டி எனக்கு மாட்டிட்டார். அதுக்கும் அழுகை வந்துச்சு.

ஆனாலும் தம்பி, மனுஷனுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கில்ல? மூணாம் நாள் காலையில, திதி அன்னிக்கு, நான் முப்பது கிண்ணம் கழுவி அடுக்கி வச்சேன். வேதா ஊஞ்சல்ல படுத்துக்கிட்டு லான் உரிச்சுக் குடுத்த பலாச்சுளையைத் தின்னுக்கிட்டு, தம்பி, அந்த ஓரத்துல சோப்பு போகலங்கறா. அப்பதான் முடிவு பண்ணேன். போதும். மத்தியானம் சொந்தக்காரங்கல்லாம் வந்துடுவாங்க, எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறது. நான்தான் மூத்தவன். அந்தக் கோடியில நான் உக்காரணும். பானை பக்கத்துல க்வாங் உக்காரட்டும்.

இருந்தாலும் முதல்ல அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றது மரியாதை. பட்டறைக்குப் போனேன். போன்ல அடிச்சேன். நான் உன்னைவிட நாலு வயசு மூத்தவன், எட்டு வருஷமாப் பொய் சொல்லிட்டேன். அடிச்சாச்சு, இன்னும் காட்டல. அவரும் அதே நேரத்துல போனை எடுத்து ஏதோ அடிச்சுக்கிட்டிருந்தார். முந்திக்கிட்டு அவர் நீட்டினார், என் போனுக்கும் அதை அனுப்பிட்டார்.

அதுல இருந்ததை அப்படியே சொல்றேன். எனக்கு மனப்பாடம். பாஸ்போர்ட்டை முதல் நாளே பாத்துட்டேன். எங்க வீட்ல மூணு பேர், நான் கடைசி. அம்பத்தஞ்சு வருஷமாப் பானை பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். என் அண்ணன்களுக்கு நான் இன்னும் சின்னப் பையன், மிஷின் பட்டறை வச்சதுகூட அவங்களுக்கு விளையாட்டு. எனக்கும் ஒரு தம்பி இருக்கான், வெளிநாட்டுல பெரிய ஆளுன்னு எட்டு வருஷமா அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவங்க இன்னிக்கு வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்குத் தம்பியா இருக்க முடியுமா?

நான் அடிச்சதை அழிச்சேன். ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். அப்புறம் அடிச்சேன். அண்ணே, இன்னும் எத்தனை கிண்ணம் கழுவணும்?

அவரு சிரிச்சார். நானும் சிரிச்சேன். ரெண்டு பேருக்கும் மூக்கு ஒழுகுது.

மத்தியானம் படையல். நம்ம மாதிரியேதான், அப்பா படத்துக்கு ஊதுபத்தி, கோழி, சோறு, பழம் எல்லாம் வச்சு ஆன பிறகு பந்தி. பெரியண்ணனுக்கு எழுபது, மிலிட்டரி மாதிரி நெட்டையா உக்காந்திருக்கார். நடு அண்ணனுக்கு அறுபத்திநாலு. க்வாங் பழக்க தோஷத்துல பானை பக்கம் போனார். நான் கையைப் புடிச்சு இழுத்து, தள்ளி உக்கார வச்சுட்டு, பானைகிட்ட நான் உக்காந்தேன். பெரியண்ணன் அதைப் பாத்தார்.

எல்லாருக்கும் சோறு போட்டேன். வரிசையா அழைச்சேன், ஒரு பேர் தப்பல. அப்புறம் அரிசிச் சாராயம், சின்னச் சின்னக் கிளாஸ்ல. நான் குடிக்கிறவன் இல்ல, அன்னிக்கு மரியாதைக்கு. அங்க ஒரு முறை இருக்கு. கிளாஸை முட்டறப்ப சின்னவன் கிளாஸ் விளிம்பு பெரியவன் கிளாஸ் விளிம்புக்குக் கீழ இருக்கணும். க்வாங்குக்கு ரெண்டு கையாலயும் ஊத்தினேன். ஊத்திட்டு என் கிளாஸை அவர் கிளாஸுக்குக் கீழ கொண்டு போனேன். அவரு, அம்பத்தஞ்சு வருஷப் பழக்கம், தன்னுதைக் கீழ இறக்கறார். நான் இன்னும் கீழ. அவரு அதுக்கும் கீழ. ரெண்டு பேர் கிளாஸும் பாயில வந்து நின்னுடுச்சு. நான் என்ன பண்ணேன், பாய்க்கு வெளிய ஒரு படி இருந்துச்சு, அதுல இறங்கி நின்னுக்கிட்டு முட்டினேன்.

பந்தி மொத்தமும் கை தட்டிச்சு. பெரியண்ணன் எழுந்து வந்து, க்வாங் தோள்ல கையை வச்சு ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னார். மது போனைப் பாத்துச் சொன்னா, நல்லா வளத்திருக்கேங்கறாராம். என்னை. க்வாங் மூஞ்சி அப்படியே செவந்து போச்சு. நான் படியிலயே நின்னேன்.

அதோட முடிஞ்சுதுன்னுதான் ஊருக்கு வந்தேன். இப்ப பாருங்க, மணிவிழாவுக்கு வேதா லானைப் போன்ல கூப்பிட்டுடுச்சு. என்ன விசேஷம்னு அவங்க கேட்டதுக்கு, பொண்டாட்டி மூத்தவளா இருந்தா எங்க ஊர்ல ரெண்டாவது தரம் தாலி கட்டணும், அதுதான்னு சொல்லியிருக்கா. ஏன்டி அப்படிச் சொன்னேன்னா, வாயில வந்துச்சுங்கறா. வெள்ளந்தின்னு சொன்னேனே. அதைக் கேட்டு லான் அழுது, ஊரே அழுது, க்வாங் மட்டுமில்ல, அந்த ரெண்டு அண்ணன்மாரும் டிக்கெட் போட்டுட்டாங்க. தமிழ் அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அறுபதுன்னு நம்பர்ல போட்டா எந்த ஊர்க்காரனும் படிச்சிடுவான். அந்தப் பெரியண்ணன் நாலு முனை ரோட்டுல வண்டியை விட்டு இறங்கி, என் தலைக்கு மேல அறுபதைப் பாத்தார்னா, எங்க அண்ணன் திரும்பவும் பானை பக்கத்துல போய் உக்காரணும். அதுக்கு நான் விடமாட்டேன். என் சொந்தக்காரன் எவனாவது அறுபது எங்கேன்னு கேட்டா நான் பேசிக்கறேன். அம்பத்துமூணுன்னு போட்டாலும் சரி, ஒண்ணுமே போடாம விட்டாலும் சரி.

இப்பச் சொல்லுங்க. என்ன அம்மா? யாரு வந்தா?

வேதாவா? நேத்தா? தனியாவா வந்துச்சு?

அறுபதை எடுக்கச் சொல்லிட்டா? நேத்தே?

திருப்புங்க, அந்தக் கம்ப்யூட்டரை இப்படித் திருப்புங்க.

இது எங்க அண்ணன் போட்டோல்ல? அந்தக் கருப்புக் கண்ணாடி. சட்டையை மட்டும் வெள்ளைச் சட்டையா மாத்திட்டீங்களா, தோள்ல துண்டு வேற. இது எத்தனை அடி? இருபதா? நாலு முனை ரோட்டுலயா? இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரல, நானே எட்ட நின்னு படிக்கறேன். வியட்நாம் மண்ணின் மைந்தர், முந்திரி இயந்திரத்தின் முடிசூடா மன்னர், எங்கள் அண்ணன் க்வாங் அவர்களைப் பண்ருட்டி மாநகருக்கு வருக வருக என வரவேற்கிறோம். கீழ அவங்க பாஷையிலயும் போட்டிருக்கே. அண்ணன்ங்கறதை அவங்க எழுத்துல பெருசா. அந்த ரெண்டு பேரும் படிக்கற மாதிரி. மது எழுதிக் குடுத்தாளா?

வேதாவுக்கு எப்படித் தெரியும் தம்பி? பட்டறையில நாங்க பேசினதை நான் யாருகிட்டயும் சொல்லல. என் போன்ல அந்த மெசேஜை எடுத்து எடுத்துப் பாப்பேன், அவ்வளவுதான். அதை அவ கண்ணாடி போட்டு ரெண்டு தரம் படிச்சிருப்பா. படிச்சிட்டு ஒரு வார்த்தை கேக்கல என்னை.

இந்தப் பக்கம் இவ்வளவு பெருசா இருக்கறது யாரு? வேதாவா? அக்கா வேதவல்லி. பட்டுப் புடவையில. சரி, அவ மூத்தவ, இருக்கட்டும்.

நான் எங்க? மணிவிழா எனக்குத்தானே?

இதுவா? இந்தப் பாஸ்போர்ட் சைஸ்லயா? அன்புத் தம்பி தணிகாசலம். என் முடி நரைச்ச போட்டோவைக் குடுக்காம நல்லதாத்தான் குடுத்திருக்கா.

இல்ல தம்பி, சைஸைப் பெருசாக்க வேணாம். விடுங்க, அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. என் தலை அண்ணன் தோளுக்குச் சமமா வருது பாருங்க. அதை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.

கீழ இடம் இல்லியா? அப்ப போர்டை ஒரு அடி நீட்டிடுங்க.